கேள்வி – பதில்: கேப்டன் டிரைப்பின் கோயில் படங்கள்

சென்ற இதழில், 1858-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மதுரைப் புகைப்படங்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அவற்றை எடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரியைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: படையில் இருந்த ஒருவர் கோயில்களைப் படமெடுக்கும் அரசுப் புகைப்படக்காரர் ஆனது எப்படி? – மதுரை வாசகர்

பதில்: டிரைப் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பதினாறு, பதினேழு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்துவிட்டார். 1850-இல் நீண்ட விடுப்பில் ஊர் திரும்பியபோதுதான் கேமரா அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் வசதியும் ஓய்வும் உள்ளவர்களிடையே புகைப்படக்கலை வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டபோது டிரைப் அதன் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவரானார். அப்போது அவர் எடுத்தவை பெரும்பாலும் டெவன்போர்ட்டின் கப்பல்களும் துறைமுகக் கட்டடங்களுமே. பெரிய, அசையாத பொருளை நேராக நின்று பார்க்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று தோன்றுகிறது.

1854-இல் கேப்டனாகப் பெங்களூருக்குத் திரும்பியவர், அந்த ஆண்டு இறுதியில் நண்பர் மருத்துவர் நீல் என்பவருடன் ஹளேபீடுக்கும் பேலூருக்கும் போய் ஹொய்சளக் கோயில்களைப் படமெடுத்தார். யாரும் பணித்துச் செய்ததன்று; சொந்த ஆர்வத்தால் செய்தது. 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். தாளில் எடுக்கப்பட்ட காட்சிப் படங்களில் அவருடைய வரிசையே சிறந்தது என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். அவருடைய வாழ்க்கை திசை மாறியது அங்கேதான். அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள், தொல்பொருட்களை ஓவியர்களைக் கொண்டு வரைந்து பதிவுசெய்வதைவிடப் புகைப்படம் எடுப்பது துல்லியமானது, செலவும் குறைவு என்று கருதத் தொடங்கியிருந்தார்கள். பம்பாய் மாகாணத்தில் தாமஸ் பிக்ஸ் என்ற பீரங்கிப்படை அதிகாரி பீஜப்பூர்க் கட்டடங்களைப் படமெடுக்க அனுப்பப்பட்டதும் இந்த எண்ணத்தின் விளைவே. வேதிப்பொருள், ஒளியியல், பயண ஏற்பாடு ஆகிய மூன்றும் தெரிந்தவர்கள் அன்று பெரும்பாலும் படையிலும் மருத்துவப் பணியிலுமே இருந்தார்கள். ஆகவே அரசு வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

1855-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசி, பர்மிய மன்னர் மிண்டோனின் அவைக்கு ஆர்தர் ஃபேர் தலைமையில் அனுப்பிய தூதுக்குழுவில் டிரைப் புகைப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். மழையும் நோயும் குறுக்கிட்ட அந்தப் பயணத்திலும் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அவற்றுள் 120 படங்களைத் தேர்ந்து, பெங்களூரில் 50 தொகுப்புகள் அச்சிட்டார். அதாவது கையால் செய்த 6,000 பிரதிகள். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டபோது இந்த உழைப்பே அவருக்குச் சான்றாக நின்றது.

கேள்வி: தமிழ்நாட்டில் அவர் எங்கெங்கே போனார்? எவ்வளவு காலத்தில்? – சேலம் வாசகர்

பதில்: 1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் கிளம்பி, ராயக்கோட்டை முதலிய சேலம் மாவட்ட இடங்கள், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, திருமயம், தஞ்சாவூர், திருவையாறு ஆகியவற்றைப் படமெடுத்து, ஏறத்தாழ நான்கரை மாதத்தில் சென்னையை அடைந்தார். வடக்கே பெருங்கிளர்ச்சி இன்னும் ஓயாத காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு ராணுவ அதிகாரி அந்த மாதங்களில் ஆயிரங்கால்களையும் தெப்பக்குளங்களையும் படமெடுத்துக்கொண்டிருந்தது விந்தையாகவே இருக்கிறது. சென்னையில் அவர் எடுத்த படங்களில் முக்கியமானவை அமராவதிச் சிற்பங்கள். கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய அந்தச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவை சென்னையில் இருந்த நிலையைக் காட்டுபவை டிரைப்பின் படங்கள்.

மதுரைப் படங்களில் நான் மிகுதியும் மதிப்பது மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்களை அல்ல, திருமலை நாயக்கர் அரண்மனையை. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியரின் காலத்தில்தான் அந்த அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. நாம் இன்று பார்ப்பது அந்தப் பழுதுபார்ப்புக்குப் பிந்தைய தோற்றம். அதற்கு முன்பு அந்தத் தூண்களும் வளைவுகளும் எவ்வளவு சிதைந்திருந்தன, எது பழைய சுதை, எது பின்னால் சேர்ந்தது என்று ஆராய விரும்புவோர் டிரைப்பைப் பார்த்தே ஆகவேண்டும். முடிக்கப்படாமல் நின்றுபோன ராய கோபுரத்தின் அடித்தளத் தூண்களையும் அவர் மிகுந்த பொறுமையோடு எடுத்திருக்கிறார். யானைமலையும் கோயில் நகைகளும்கூட அவர் தொகுப்பில் உண்டு. கருவறைப் பகுதி அதில் இல்லை. பிரகாரங்களும் மண்டபங்களும் கோபுரங்களும் குளங்களுமே அவர் கேமராவுக்கு எட்டிய எல்லை.

கேள்வி: அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் தெளிவான படம் எடுக்க முடிந்ததாமே, டிரைப் ஏன் தாளைப் பயன்படுத்தினார்? – கோவை வாசகர், புகைப்படக்கலை மாணவர்

பதில்: நல்ல கேள்வி. 1851-இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே உருத்துலக்கிவிட, அதாவது பதிந்த உருவத்தை வேதிக் கரைசலால் வெளிக்கொணர்ந்துவிட, வேண்டும். நம் நாட்டு வெயிலில் அந்த ஈரம் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆகவே படமெடுக்கும் இடத்திலேயே இருட்டுக் கூடாரம் அமைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், டிரைப் விரும்பிய பெரிய அளவில், அதாவது ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலத்தில், கண்ணாடித் தகடுகளை மாட்டுவண்டியில் நூற்றுக்கணக்கில் கொண்டுபோக வேண்டும், அவை வழியில் உடையாமலும் இருக்க வேண்டும்.

அதே 1851-இல் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வகுத்த மெழுகுத் தாள் முறை இந்தச் சிக்கல்களில் பலவற்றை நீக்கியது. நல்ல தாளில் உருக்கிய தேன்மெழுகை ஊறவைத்து, மிகுதியை ஒற்றியெடுத்து, அயோடைடு கரைசலில் தோய்த்து உலர்த்திக்கொண்டால், அந்தத் தாளை நெடுநாள் வைத்திருக்கலாம். வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து ஒளியுணர்வு ஏற்றிய பிறகும் உலர்ந்த நிலையிலேயே படமெடுக்கலாம்; எடுத்த படத்தை அன்று இரவோ மறுநாளோ முகாமில் அமர்ந்து காலிக் அமிலத்தில் உருத்துலக்கலாம். தாள் உடையாது, அட்டைகளுக்கிடையே அடுக்கி எடுத்துச் செல்லலாம். மெழுகு ஏறிய தாள் ஒளியை நன்றாகக் கடத்துவதால், சாதாரணத் தாள் நெகட்டிவ்வைவிட நுணுக்கமும் கூடும்.

குறைகளும் இருந்தன. தாளின் உணர்வுத்திறன் குறைவு. ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் கேமராவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கடும் வெப்பத்தில் மெழுகு இளகும். கரைசல்கள் விரைவில் கெடும். இங்கிலாந்துப் புத்தகங்களில் கண்ட அளவுகள் சென்னை மாகாணத்தில் அப்படியே பலிக்கவில்லை. அங்கிருந்து வந்த வேறு சிலர் அலுத்துக் கைவிட்ட இடத்தில் டிரைப் அளவுகளை மாற்றி மாற்றிச் சரிசெய்துகொண்டார். கண்ணாடி தரும் கத்திமுனைக் கூர்மை அவர் படங்களில் இல்லை என்பது உண்மையே. ஆனால் காலத்தால் அரிக்கப்பட்ட கருங்கல்லின் மேற்பரப்பைக் காட்ட, தாளின் இழைகளால் வரும் அந்த மெல்லிய சொரசொரப்பு பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. இது என் சொந்த ரசனை, மாறுபடுவோர் மாறுபடலாம்.

புகைப்படக்கலை மாணவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயரமான கோபுரத்தை எடுக்கக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், கோபுரம் பின்னால் சாய்வதுபோல் படத்தில் விழும். கேமராவின் பின்பலகை நிலத்துக்குச் செங்குத்தாக நின்றால்தான் படத்திலும் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். அதற்குத் தொலைவு வேண்டும், அல்லது எதிரே ஓர் உயரமான இடம் வேண்டும். டிரைப்பின் படங்களில் கட்டடக் கோடுகள் பெரும்பாலும் நேராகவே நிற்கின்றன. கேமராவை எங்கே நிறுத்துவது என்பதற்கு அவர் செலவழித்த யோசனையை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

கேள்வி: கோயில் படங்களில் மனிதர்களே இல்லையே, மக்களை வெளியேற்றிவிட்டு எடுத்தாரா? – திருச்சி வாசகி

பதில்: வெளியேற்ற வேண்டிய தேவையே இல்லை. பல நிமிட ஒளிவாங்கலில் நடந்து செல்பவர் படத்தில் பதியமாட்டார்; நின்று பேசிக்கொண்டிருப்பவர் வெறும் புகைபோலத் தெரிவார். அசையாமல் நிற்கச் சொல்லப்பட்ட ஓரிருவரே உருவமாகப் பதிந்தார்கள். எனவே அந்தக் காலத்துத் தெருவும் பிரகாரமும் இவ்வளவு வெறிச்சோடியிருந்தன என்று அப்படங்களை வைத்து முடிவுகட்டக் கூடாது. கைவிடப்பட்ட பழங்கால நகரம் போன்ற ஒரு மயக்கத்தை இந்த வெறுமை ஐரோப்பியப் பார்வையாளருக்குத் தந்தது என்பதும், அந்த மயக்கம் ஆட்சியாளர்களுக்கு இணக்கமாக இருந்தது என்பதும் வேறு விஷயம். அதில் வேதியியலின் பங்கு எவ்வளவு, டிரைப்பின் விருப்பத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை முழுதாக ஒரே படமாக எடுத்தார் என்று படித்தேன். இது நடக்கக்கூடியதா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: நடந்திருக்கிறது, ஆனால் ஒரே படமாக அன்று. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரதிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து அதே தொலைவு, அதே உயரம், அதே நேர்கோணம் இருந்தால்தான் ஒரு துண்டின் எழுத்து அடுத்த துண்டின் எழுத்தோடு பொருந்தும். அச்சிடும்போதும் எல்லாப் பிரதிகளும் ஒரே நிறத்தில் வரவேண்டும். அன்றைய அச்சு, வெயிலில் வைத்துக் கருக்கவைக்கும் அச்சு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

டிரைப்பின் வாழ்நாள் பணியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாரேனும் சொன்னால், நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அழகுக்காக எடுத்த படமன்று இது. இதில் வானமில்லை, மரமில்லை, கோபுரத்தின் கம்பீரமும் இல்லை. தான் கொடுத்தனவும், தன் அக்கன் கொடுத்தனவும், தன் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் விமானத்துக் கல்லிலே வெட்டப்படட்டும் என்று ராஜராஜன் இட்ட ஆணையை நாமெல்லாம் அறிவோம். அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்துப் பதிப்பித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளியிடத் தொடங்கியது 1891-இல். டிரைப்போ 1858-இல், தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை, படிக்கத் தெரிந்தவர் எங்கிருந்தாலும் படித்துக்கொள்ளட்டும் என்ற நினைப்பில் எடுத்திருக்கிறார். பழம்பொருள் ஆய்வாளர், கட்டடக் கலைஞர், சிற்பி, வரலாற்றாசிரியர் ஆகியோருக்குப் பயன்படக்கூடியவற்றை அவை அழிவதற்கு முன் பதிவுசெய்வதே தம் நோக்கம் என்று அரசுக்கு எழுதியவர் அவர். அந்த நோக்கத்துக்கு மிக அருகே வந்த படம் இது.

கேள்வி: டிரைப் தம் படங்களில் மேகங்களை வரைந்து சேர்த்தாராம். அப்படியானால் இவற்றை ஆவணம் என்று நம்பலாமா? – சென்னை வாசகர்

பதில்: சேர்த்தது உண்மை. அன்றைய ஒளியுணர் தாள் நீல ஒளிக்கு மிகுதியாகவும், பச்சைக்கும் சிவப்புக்கும் மிகக் குறைவாகவும் வினைபுரிந்தது. அதனால் வானம் வெறும் வெள்ளைப் பரப்பாகவோ திட்டுத்திட்டாகவோ விழுந்தது; மரங்களின் இலைத்தொகுதி இருண்ட பொதியாகிவிட்டது. நெகட்டிவ்வின் பின்புறத்தில் தூரிகையால் வண்ணம் தீட்டினால், அந்த இடம் ஒளியைத் தடுத்துப் பிரதியில் வெளிறித் தெரியும். டிரைப் இந்த உத்தியால் வானில் மேகங்களையும், மரங்களில் இலைகளின் வெளிச்சப் புள்ளிகளையும் உண்டாக்கினார். பர்மியப் படங்களில் இது மிகுதி. உற்றுப் பார்த்தால் தூரிகையின் போக்கு கண்ணில் படும்.

ஆகவே, வானிலை ஆய்வுக்கு டிரைப்பை நம்ப வேண்டாம். கட்டடத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு: கல்லைத் திருத்தும் வழக்கம் அவருக்கு இல்லை, சிதைவைச் சிதைவாகவே விட்டிருக்கிறார். எந்த இடத்தில் நின்று எடுப்பது, எதை விட்டுவிடுவது என்னும் தெரிவு மட்டும் எல்லாப் படக்காரர்களையும் போல அவருக்கும் உண்டு. ஆவணம் என்பதால் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: இவ்வளவு திறமையானவர் ஏன் தொடரவில்லை? அவர் பெயரும் ஏன் பரவலாகத் தெரியவில்லை? – புதுக்கோட்டை வாசகர்

பதில்: பணம்தான் முதற்காரணம். கிளர்ச்சிக்குப் பிறகு அரசின் கருவூலம் வறண்டிருந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் புகைப்படப் பிரிவை அன்றைய நிதி நிலைக்குப் பொருந்தாத பெரும் ஆடம்பரம் என்று கருதி மூடச் சொன்னார். 1860-இல் பிரிவு கலைக்கப்பட்டது. (வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் டிரெவெல்யனும் அதே ஆண்டு திருப்பியழைக்கப்பட்டார்.) மாகாணம் முழுவதையும் படமெடுக்கத் திட்டமிட்டிருந்த டிரைப், சில மாவட்டங்களோடு நின்று, படைப்பணிக்குத் திரும்பி, 1870-களில் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். 1902-இல், பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார். இந்தியாவில் அவர் முனைந்து படமெடுத்த காலம் ஆறாண்டுக்கும் குறைவே.

பெயர் பரவாததற்குக் காரணம் அவர் படங்கள் விற்பனைக்குப் போகாததே. 1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், கண்ணாடி நெகட்டிவ்விலிருந்து வேண்டிய மட்டும் பிரதி எடுத்து விற்றார். அவர் படம் இல்லாத ஆங்கிலேயர் ஆல்பம் அரிது. டிரைப்பின் தொகுப்புகள் சில பத்துப் பிரதிகளாக அலுவலகங்களுக்கும் கழகங்களுக்கும் போய் அலமாரிகளில் தங்கிவிட்டன. 1867, 1868-இல் சென்னை அரசு மறுபடியும் கோயில்களைப் படமெடுக்க எண்ணியபோது, அந்தப் பணி எட்மண்ட் டேவிட் லயனுக்குப் போயிற்று. சென்னைத் தொழிற்கலைப் பள்ளியிலிருந்து வந்து டிரைப்பிடம் உதவியாளராகப் பணியாற்றிய சி. அய்யாசாமியைப் பற்றி நாம் இன்னும் குறைவாகவே பேசுகிறோம். அவரைப் பற்றித் தனியே ஒருவர் ஆராய்ந்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மதுரைக் கோயிலின் பழைய படம் ஒன்று இருக்கிறது. அது டிரைப் எடுத்ததாக இருக்குமா? அசல் படங்களை எங்கே பார்க்கலாம்? – காரைக்குடி வாசகி

பதில்: வாய்ப்பு குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழகத்து வீடுகளில் கிடைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோயில் படங்களில் பெரும்பாலானவை சென்னையில் இயங்கிய நிக்கலஸ் கம்பெனி, வீலே – கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் பின்னாளில் விற்றவை. டிரைப்பின் பிரதிகள் பொதுவாகப் பெரியவை. ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கு 35 சென்டிமீட்டர் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இருண்ட பகுதிகளில் தாள் இழையின் சாயல் தெரியும். கண்ணாடி நெகட்டிவ்விலிருந்து எடுத்ததென்றால் விளிம்புகள் கூர்மையாக, பரப்பு வழவழப்பாக இருக்கும். படத்தில் திருமலை நாயக்கர் அரண்மனை பழுதுபார்க்கப்பட்ட நிலையில் தெரிந்தால், அது டிரைப்புடையது அன்று என்று உடனே ஒதுக்கிவிடலாம்.

அசல் தொகுப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய நகரங்களில் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அந்த நிறுவனங்களின் இணையதளங்களில் பல படங்கள் பெரிய அளவில் இருக்கின்றன. உங்கள் படத்தை முதலில் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் படத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்கவோ, துடைக்கவோ, பின்புறம் பேனாவால் எழுதவோ வேண்டாம். வெயில் படாத இடத்தில், அமிலமற்ற தாள் உறையில் வைத்துவிட்டு, அட்டையில் ஏதேனும் எழுத்து இருந்தால் அதன் தெளிவான நகலை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்.